துருப்பிடித்த புல்வெட்டும் மெஷினுக்கும் பவர் வீடருக்கும் மறுபடி பெயிண்ட்: வெறும் இரும்பிலிருந்து கடைசிக் கோட்டிங் வரை

ஓசூர் லேஅவுட்டுகளிலும் பள்ளிக்கூட மைதானங்களிலும் ஓடுகிற புல்வெட்டும் மெஷின், காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்புகளில் ஓடுகிற பிரஷ் கட்டர், பாலக்கோட்டுத் தக்காளிக் கொல்லைகளில் களை எடுக்க ஓடுகிற பவர் வீடர். எதை எடுத்தாலும், இன்ஜின் நன்றாக இருக்கும்போதே தகடு போய்விடுகிறது. இன்ஜினுக்கு ஆயில் மாற்றுகிறோம், பிளக் மாற்றுகிறோம். தகட்டை மட்டும் ஓட்டை விழுகிறவரை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. ஓட்டை விழுந்த பிறகு வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனால், துரு தின்ற மெல்லிய தகட்டில் வெல்டிங் நிற்காது என்று கையை விரித்துவிடுவார்கள். அந்த நிலைக்கு வருவதற்கு முன்னால், வீட்டு வாசலிலேயே செய்துகொள்ளக்கூடிய வேலை இது.

ஒரே ஒரு விதியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும்: வெறும் இரும்பு ஒரு ராத்திரியைப் பார்க்கக் கூடாது. எந்த இடத்தைத் தேய்த்து வெளுக்க வைத்தீர்களோ, அந்த இடத்துக்கு அன்று சாயங்காலத்துக்குள் பிரைமர், அதாவது பெயிண்ட்டுக்கு அடியில் போகும் முதல் பூச்சு, ஏறிவிட வேண்டும். கீழே சொல்லும் வரிசை முழுக்க இதை வைத்துத்தான்.

எந்த மாதம், எந்த நேரம்

நம் பக்கத்தில் தை, மாசி, பங்குனி மாதங்கள் நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஈரம் விடாது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். ஈர பெயிண்ட்டின் மேல் புழுதி வந்து உட்காருவதைக் கேட்கவே வேண்டாம், அடித்த இடமெல்லாம் உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். சித்திரை, வைகாசியில் வெயிலில் கிடக்கும் தகட்டைக் கை வைத்துத் தொட முடியாது. அந்தச் சூட்டில் அடித்தால் மேல்தோல் உடனே காய்ந்து, உள்ளே மாட்டிய தின்னர் குமிழ் குமிழாக வெளியே வரும். அந்த மாதங்களில் செய்தே ஆகவேண்டும் என்றால் தகரக் கொட்டகையை விட்டுவிட்டு மர நிழலுக்கு வாருங்கள்.

தை மாதத்திலும் ஒரு சிக்கல் உண்டு. தைப் பனி தரையைத் துளைக்கும் என்ற சொல் பெயிண்ட் வேலைக்கு அப்படியே பொருந்தும். தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் காலை எட்டு மணிக்குக்கூடத் தகட்டைத் தடவினால் விரல் நனையும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஈரத்தின் மேல் பிரைமர் அடித்தால் அது இரும்பில் ஒட்டாது, ஈரத்தில்தான் ஒட்டும். தொழிற்சாலைகளில் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: பனி பிடிக்கும் வெப்பநிலையைவிடத் தகடு குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் சூடாக இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நமக்கு அந்த மீட்டர் எல்லாம் வேண்டாம். காலை பத்து மணிக்கு மேல் தேய்க்க ஆரம்பித்து, மதியம் மூன்று மணிக்குள் பிரைமர் அடித்து முடித்தால் போதும்.

முதலில் காந்தம்

பெயிண்ட் கடைக்குப் போகும் முன் ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து மெஷின் முழுக்க ஒட்டிப் பாருங்கள். பவர் வீடரின் மட்கார்டு, ஹேண்டில், ஸ்டாண்டு எல்லாம் இரும்பு, ஒட்டும். புல்வெட்டும் மெஷினில் பிளேடை மூடியிருக்கும் அடித்தகடு சில மாடல்களில் இரும்பு, சிலவற்றில் அலுமினியம், சிலவற்றில் பிளாஸ்டிக். பிரஷ் கட்டரின் கியர் தலையும் இன்ஜின் உடம்பும் பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு. சில மெஷின்களில் மெக்னீசியம் கலந்த வார்ப்பும் வரும். அதைக் கிரைண்டரில் தேய்த்தால் பறக்கும் தூள் தீப்பிடிக்கக்கூடியது. ஆகவே காந்தம் ஒட்டாத வார்ப்புகளைக் கையால், உப்புத்தாளால் மட்டும் தேயுங்கள். ஜிங்க் பூசிய ஜி.ஐ. பைப் ஹேண்டில் இருந்தால் அதையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். காந்தம் அதில் ஒட்டும், ஆனால் சாதாரண எனாமலை அதன் மேல் நேராக அடித்தால் ஜிங்க்கோடு வினை புரிந்து கொஞ்ச நாளில் தோலாக உரிந்துவிடும்.

எந்த பிரைமர்

எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைப்பது ரெட் ஆக்சைடு. விலை குறைவு, பிரஷ்ஷிலேயே அடிக்கலாம், இரும்புக்கு மட்டும். மட்கார்டு, ஹேண்டில், ஸ்டாண்டு மாதிரி இடங்களுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் அதையே கடைசிக் கோட்டிங் என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. கேட்டும் கிரில்லும் ரெட் ஆக்சைடு நிறத்திலேயே மாதக்கணக்கில் நிற்பதைப் பார்க்கிறோம். அது ஈரத்தை உள்ளே விடும் பூச்சு, மேலே எனாமல் ஏறினால்தான் காப்பு.

கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால் ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் கேளுங்கள். பழைய ஆட்கள் சிலர் மஞ்சள் நிற ஜிங்க் குரோமேட்டைச் சிபாரிசு செய்வார்கள். துருவைத் தடுப்பதில் அது கெட்டிதான், மறுக்கவில்லை. ஆனால் அதிலிருக்கும் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் வகை. அதை ஸ்பிரே செய்வதும், காய்ந்ததைத் தேய்த்துத் தூளாக்குவதும் குழந்தைகள் விளையாடும் வீட்டு வாசலில் செய்கிற வேலை அல்ல.

எப்போதும் ஈரப்புல் அப்பிக்கிடக்கும் புல்வெட்டியின் அடிப்பக்கத்துக்கு என் தேர்வு எபாக்சி பிரைமர்தான். இரண்டு டப்பாவாக வரும். ஒன்று பெயிண்ட், இன்னொன்று ஹார்டனர். டப்பாவில் போட்டிருக்கும் அளவில் கலந்து, சொன்ன நேரம் ஊறவிட்டு அடிக்க வேண்டும். கலந்துவிட்டால் சில மணி நேரத்தில் டப்பாவிலேயே கெட்டியாகிவிடும் என்பதால் தேவையான அளவு மட்டும் கலக்குங்கள். கை தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும், கையுறை கட்டாயம். எபாக்சி அலுமினியத்திலும் நன்றாகப் பிடிக்கும். எபாக்சி வேண்டாம் என்றால், அலுமினியத்துக்கு என்றே வரும் எட்ச் பிரைமரை மெல்லிசாக ஒரு கோட்டிங் அடிக்கலாம். ஜி.ஐ. பைப்புக்கு, டப்பாவில் ஜி.ஐ.க்கு ஏற்றது என்று போட்டிருக்கும் பிரைமர்தான் வாங்க வேண்டும்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. எனாமல் ஒரு லிட்டர் ஒரு கோட்டிங்குக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும். ஒரு புல்வெட்டியின் தகடு உள்ளும் வெளியும் சேர்த்தே ஒன்றிரண்டு சதுர மீட்டர்தான். அரை லிட்டர் பிரைமர், அரை லிட்டர் பெயிண்ட் வாங்கினால் ஹேண்டிலுக்கும் சேர்த்து மிஞ்சும்.

கழற்றுவது

பிளக் வயரை முதலில் பிடுங்கிவிடுங்கள். பெட்ரோலை முழுக்க இறக்கி, மூடியிட்ட கேனில் ஊற்றித் தள்ளி வையுங்கள். காலி டேங்க் என்று அலட்சியம் வேண்டாம். பெட்ரோல் ஆவி நிறைந்த காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து. கிரைண்டர் பொறி பறக்கும் வேலை இருக்கிறபடியால் டேங்கைக் கழற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடுவதே நல்லது. புல்வெட்டியைச் சாய்க்கும்போது கார்புரேட்டரும் ஏர் ஃபில்டரும் மேல்பக்கம் இருக்கும்படி சாயுங்கள். மாற்றிச் சாய்த்தால் ஆயில் ஃபில்டருக்குள் இறங்கி, அடுத்த தடவை ஸ்டார்ட் செய்யும்போது வெள்ளைப் புகை கக்கும்.

சக்கரம், பிளேடு, கேபிள், புல் விழும் பை என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றுங்கள். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட்டுகளை இடம் மாறாமல் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி வைத்தால் திரும்ப மாட்டும்போது தேட வேண்டாம்.

கழுவுவது, அப்புறம்தான் தேய்ப்பது

பலர் நேராகக் கம்பி பிரஷ்ஷை எடுத்துவிடுகிறார்கள். ஆயிலும் கிரீஸும் இருக்கும் தகட்டைத் தேய்த்தால் கிரீஸ் போகாது, பிரஷ் அதைத் தகட்டின் கீறல்களுக்குள் ஏற்றிவிடும். ஆகவே கழுவல் முதலில். புல்வெட்டியைக் கவிழ்த்தால் அடியில் கறுத்த பச்சையாக, விரல் கனத்துக்கு ஒரு பத்தை ஒட்டியிருக்கும். பட்டித் தகடால் ஓரத்தில் நெம்பினால் பாளம் பாளமாகப் பெயரும். பெயர்ந்த பாளத்தின் மறுபக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: தகட்டின் துரு செம்பழுப்பாக அதோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். துருவின் பாதி வேலை அங்கேதான் நடக்கிறது. பவர் வீடரில் புல்லுக்குப் பதில் உரம். பொட்டாஷ் உரம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு, அதுவும் உப்புதான். மட்கார்டின் மடிப்புகளில் அது தங்கிவிட்டால் எவ்வளவு நல்ல பெயிண்ட்டும் அந்த இடத்தில் கொப்புளம் விடும்.

சோப்புத் தூளும் வெந்நீரும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கிரீஸ் இருக்கும் இடத்துக்கு முதலில் டீசல் தடவித் துடைத்து, அப்புறம் சோப்பு. தர்மபுரி, கிருஷ்ணகிரியில் இன்னொரு விஷயத்தையும் பார்க்க வேண்டும். நம் போர்த் தண்ணீர் பல ஊர்களில் உப்புத் தண்ணீர். வாளியிலேயே வெள்ளைப் படலம் கட்டுகிற தண்ணீர், தகட்டிலும் அதையே விட்டுப் போகும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒகேனக்கல் குடிநீர் வருகிற வீட்டில் ஒரு குடம், இல்லையென்றால் பிடித்து வைத்த மழைத்தண்ணீர் ஒரு குடம் போதும். அலசிய உடனே துணியால் துடைத்து வெயிலில் வைத்துவிடுங்கள்.

துரு எடுப்பது

இரும்பு தன் தாதுநிலைக்கே திரும்பப் பார்க்கும் உலோகம். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பின் பயன்பாடு கி.மு. 2172 அளவுக்குப் பழையது என்று 2022 மே மாதம் தமிழக அரசு அறிவித்தது. அவ்வளவு காலமாக இந்த மண்ணில் இரும்பு இருந்திருக்கிறது என்றால், துருவோடு மல்லுக்கட்டுவதும் அவ்வளவு காலமாக இருந்திருக்கிறது. காற்றும் தண்ணீரும் சேர்ந்தால் துரு, உப்பு சேர்ந்தால் வேகமான துரு. இவற்றையெல்லாம் இரும்புக்கு எட்டாமல் தள்ளி வைப்பதுதான் பெயிண்ட்டின் வேலை.

தேய்க்கும் முன் தகடு தாங்குமா என்று பாருங்கள். ஸ்குரூ டிரைவர் நுனியால் துரு அதிகமான இடங்களில் மெல்லத் தட்டுங்கள். கணீர் என்று கேட்டால் நல்லது. பொத்தென்று கேட்டாலோ நுனி உள்ளே அமுங்கினாலோ அங்கே தகடு முடிந்துவிட்டது. சக்கரம் மாட்டும் இடத்தையும் இன்ஜின் உட்காரும் போல்ட் ஓட்டைகளையும் கட்டாயம் தட்டிப் பாருங்கள். அங்கே தகடு போயிருந்தால் பெயிண்ட் வேலையை நிறுத்திவிட்டு ஒட்டுத்தகடு போடும் வேலையைப் பாருங்கள். சுற்றும் பிளேடுக்கு மேலே இருக்கும் தகடு அது, விளையாட்டு இல்லை.

கனத்த துருவைப் பட்டித் தகடால் சுரண்டிவிட்டு, கிரைண்டரில் கம்பி கப் பிரஷ் மாட்டித் தேயுங்கள். இங்கே ஒரு கண்கட்டு உண்டு. சுற்றும் கம்பி பிரஷ் துருவை எடுக்காமலேயே பாலிஷ் போட்டுவிடும். பளபளவென்று கருமை கலந்த பழுப்பில் இருந்தால் அது இன்னும் துருதான். இரும்பு வெளுத்தால் சாம்பல் நிறத்தில் வெள்ளி மினுக்கம் தெரியும். சந்தேகமான இடத்தில் 80 நம்பர் உப்புத்தாளால் (நம்பர் கூடக் கூடத் தாள் நைசாகும்) நாலு இழுப்பு இழுத்தால் நிறமே சொல்லிவிடும். கம்பி பிரஷ்ஷுக்குப் பிறகு முழுவதையும் 80 நம்பர் தாளால் ஒருமுறை தேய்ப்பது எனக்கு விட முடியாத பழக்கம். அந்தக் கீறல்களில்தான் பிரைமர் பல் பதிக்கிறது. வழுவழுப்பாக இருக்கட்டும் என்று 400 நம்பர் தாளில் தேய்த்த இரும்பில் பிரைமர் பிடிமானமில்லாமல் நிற்கும்.

எல்லா இடத்திலும் பழைய பெயிண்ட்டை எடுக்க வேண்டியதில்லை. கெட்டியாக ஒட்டியிருக்கும் கம்பெனி பெயிண்ட்டை அப்படியே விட்டு, மேலே 220 நம்பர் தாளால் மினுமினுப்பு போகிற அளவுக்கு மட்டும் தேயுங்கள். வெறும் இரும்பும் பழைய பெயிண்ட்டும் சேரும் எல்லையில் 120, அப்புறம் 220 போட்டுச் சரிவாக இழைத்துவிடுங்கள். நகத்தால் குறுக்கே இழுத்தால் படி தட்டக் கூடாது. தட்டினால், பெயிண்ட் அடித்த பிறகும் அந்த வரி அப்படியே தெரியும், உரிவதும் அங்கேயிருந்துதான் ஆரம்பிக்கும்.

முகமூடியும் கண்ணாடியும் போடாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். இந்தியாவில் வீட்டு உபயோக பெயிண்ட்டுகளில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவும் தொழிற்சாலை பெயிண்ட்டுகளுக்குப் பொருந்தாது. பழைய மெஷினின் மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சுப் பூச்சுகளில் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொண்டு, பழைய பூச்சு இருக்கும் இடங்களை வாட்டர் பேப்பரால் நனைத்துத் தேய்ப்பது நல்லது. வெறும் இரும்பு தெரியும் பகுதிகளை அதற்குப் பிறகு உலர்ந்த தாளால் முடியுங்கள்.

தாளும் பிரஷ்ஷும் எட்டாத குழித்துருவுக்குத்தான் துரு மாற்றி திரவம். பாஸ்பாரிக் அமிலம் உள்ளது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும், டானின் என்ற துவர்ப்புப் பொருள் உள்ளது கறுப்பாக மாற்றும். கடுக்காய்ச் சாறு இரும்பில் பட்டால் கறுப்பதும் இதே வினைதான், கடுக்காயிலும் டானின் நிறைய. இந்தத் திரவத்தை முழுத் தகட்டுக்கும் ஊற்றாதீர்கள், குழிகளுக்கு மட்டும். அடித்த இடத்தைக் கழுவ வேண்டுமா வேண்டாமா என்பது பிராண்டுக்குப் பிராண்டு மாறும், பாட்டிலில் உள்ளபடி செய்யுங்கள். அதன் மேல் எபாக்சி அடிக்க நினைத்தால், ஏற்கும் என்று டப்பாவில் இருந்தால் மட்டுமே அடிக்கலாம். மிச்ச அமிலம் எபாக்சியின் பிடிப்பைக் கெடுத்துவிடும்.

மெஷின் ரொம்பவும் மோசம் என்றால் ஓசூரில் சாண்ட் பிளாஸ்டிங்கும் பவுடர் கோட்டிங்கும் செய்யும் பட்டறைகள் உண்டு. பவுடர் கோட்டிங் 180, 200 டிகிரி சூட்டில் வேகவைப்பது. அதனால் ரப்பர், பேரிங், ஆயில் சீல் எதுவும் இல்லாத வெறும் தகடாகக் கொண்டுபோக வேண்டும்.

பிரைமர் ஏற்றுவது

தேய்த்து முடித்ததும் தூளை உதறி, பனியன் வேஸ்ட்டைத் தின்னரில் நனைத்து ஒருமுறை துடையுங்கள். தின்னர் காய்வதற்குள் இன்னொரு காய்ந்த துணியால் துடைத்து எடுங்கள். ஒரே துணியால் துடைத்துக்கொண்டே போனால் ஓரிடத்து அழுக்கை அடுத்த இடத்துக்குப் பூசுகிறீர்கள். வெள்ளைத் துணியில் கறை வராத வரை இதைச் செய்யுங்கள். அதற்கப்புறம் வெறுங்கை படக் கூடாது. விரல் வியர்வையும் உப்புதான், சில நாளில் ரேகையோடு துரு மேலே வரும்.

முதல் தொடுதல் அகலமான இடத்தில் வேண்டாம். சின்ன பிரஷ்ஷை எடுத்து ஓரங்கள், வெல்டிங் தழும்புகள், போல்ட் ஓட்டைகளின் விளிம்பு, தகடு மடியும் மூலைகள் எல்லாவற்றிலும் பிரைமரைக் குத்திக் குத்தி ஏற்றுங்கள். ஈரமான பூச்சு கூரிய விளிம்பில் நிற்காமல் இரண்டு பக்கமும் விலகிப் போகும். அதனால் விளிம்பில் எப்போதுமே பூச்சு மெலிசு. துரு எந்த மெஷினிலும் ஓரத்திலிருந்து உள்ளே போவதற்கு இதுதான் காரணம். இந்த ஒரு வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பெயிண்ட் கூடுதலாகப் பல மழைக்காலம் தாங்கும்.

அப்புறம் முழுத் தகட்டுக்கும் மெல்லிசாக ஒரு கோட்டிங். ரெட் ஆக்சைடு என்றால் ராத்திரி முழுக்கக் காயவிட்டு மறுநாள் இரண்டாவது கோட்டிங். எபாக்சியில் அடுத்த கோட்டிங்குக்கு ஆரம்ப நேரம், கடைசி நேரம் இரண்டும் டப்பாவில் இருக்கும். கடைசி நேரத்தைத் தாண்டிவிட்டால் லேசாகத் தேய்த்துவிட்டுத்தான் மேலே ஏற்ற வேண்டும். ஸ்பிரே டின் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை: டின்னில் சொன்ன இடைவெளியை மீறி நடுவில் அடித்தால் கீழ்ப்பூச்சு சுருங்கிக்கொண்டு மேலே எழும்பும்.

குழி, நசுங்கல் இருந்தால் பட்டி பார்க்கலாம். இதில் வரிசை முக்கியம். ஹார்டனர் கலக்கும் பாடி பட்டியை வெறும் இரும்பின் மேலோ, நன்றாகக் காய்ந்த எபாக்சியின் மேலோ போடலாம். ரெட் ஆக்சைடின் மேல் போட்டால் அடிப்பூச்சு இளகித் தூக்கிக்கொள்ளும். பட்டி தண்ணீரை உறிஞ்சும் என்பதால், தேய்த்து முடித்ததும் அதன் மேல் பிரைமர் வைக்காமல் விடக் கூடாது. புல்வெட்டியின் அடிப்பக்கம் பட்டியே வேண்டாம், முதல் கல் பட்டதும் பெயர்ந்து விழும்.

பெயிண்ட்

பிரைமர் காய்ந்ததும் 320 நம்பர் தாளால் லேசாகத் தடவித் தூளைத் துடைத்துவிடுங்கள். சிந்தெடிக் எனாமல் போதுமானது. அதற்குத் தின்னர் மினரல் டர்பன்டைன். ஆட்டோ பட்டறையில் வைத்திருக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரை இதில் ஊற்றாதீர்கள், எனாமலின் மேல் என்.சி. பெயிண்ட்டும் அடிக்காதீர்கள், சுருக்கம் விழும். கார்களுக்கு அடிக்கும் இரண்டு டப்பா பி.யு. (பாலியூரிதேன்) பெயிண்ட் பளபளப்பில் அசத்தும். ஆனால் அதன் ஹார்டனரில் மூச்சைப் பாதிக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, துணி முகமூடியெல்லாம் அதைத் தடுக்காது. தனிக் காற்றுக் குழாய் முகமூடி இருக்கும் பட்டறைக்கே அதை விட்டுவிடுங்கள்.

கனமாக ஒரு கோட்டிங் அடிப்பதைவிட மெல்லிசாக இரண்டு, மூன்று நல்லது. கோட்டிங்குக்கு நடுவே ஒரு ராத்திரி. ஸ்பிரே என்றால் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒவ்வோர் ஓட்டமும் முந்தையதன் பாதியை மூடும்படி ஓட்டுங்கள். நிறத்தில் என் யோசனை: வெளியே கம்பெனி நிறம், அடிப்பக்கம் வெளிர் சாம்பல். வெளிர் நிறத்தில் துரு முளைக்கும் முதல் நாளே கண்ணில் படும்.

சைலன்சருக்கு எனாமல் கருகிப் போகும். சூடு தாங்கும் பெயிண்ட் தனியாகக் கிடைக்கும். டப்பாவில் எத்தனை டிகிரி என்று பார்த்து, 600 டிகிரி தாங்குவதாக வாங்குங்கள். இதற்குச் சாதாரண பிரைமர் வேண்டாம், வெறும் இரும்பின் மேலேயே அடிப்பது. காய்ந்தபின் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டி ஆறவிட்டு, மறுபடி கூடுதல் நேரம் ஓட்டி ஆறவிட்டால்தான் அது இறுகும்.

பெயிண்ட் படக் கூடாத இடங்கள்: இன்ஜினின் காற்று படும் செதில்கள், பிளக், போல்ட் மரை, கிரீஸ் நிப்பிள், ஆயில் சீல், எர்த் வயர் உட்காரும் இடம், சீரியல் நம்பர் தகடு, எச்சரிக்கை ஸ்டிக்கர். எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். பிளேடுக்கும் வீடரின் கத்திகளுக்கும் பெயிண்ட் வீண். ஒரு சால் ஓட்டினால் மண் தின்றுவிடும், பிளேடின் பேலன்ஸும் கெடும். அவற்றுக்குப் பழைய இன்ஜின் ஆயிலைத் துணியில் தொட்டுத் தடவினால் போதும்.

வேலை முடிந்ததும் பெயிண்ட் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எனாமலில் இருக்கும் எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், குவியலாகக் கிடந்தால் தானாகவே தீப்பிடிக்கலாம். வெளியே கொடியில் தனித்தனியாக விரித்துக் காயவைத்து, அப்புறம் அப்புறப்படுத்துங்கள்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக மறுநாளே கொல்லைக்குக் கொண்டுபோக வேண்டாம். எனாமல் உள்ளே இறுக ஒரு வாரம் ஆகும். அதுவரை பெட்ரோல் சிந்தினால் பூச்சு இளகிவிடும், போல்ட்டை இறுக்கினால் வாஷருக்குக் கீழே பெயிண்ட் பிதுங்கும். ஒரு வாரம் கழித்து மாட்டும்போது ஒவ்வொரு வாஷருக்கு அடியிலும் துளி கிரீஸ் வைத்து முடுக்குங்கள். அடுத்து வரும் மாதங்களில் ஒவ்வொரு தடவை புல் வெட்டியதும் அடிப்பக்கத்து ஈரப்புல்லைச் சுரண்டிவிட்டு நிழலில் காயவையுங்கள். பெயிண்ட் பெயர்ந்த புள்ளி எங்காவது தெரிந்தால், அந்த இடத்தை மட்டும் 80 நம்பரால் தேய்த்து அன்றைக்கே பிரைமர் தொட்டு வைத்துவிடுங்கள்.